நாள் முழுதும் நடக்கிறோமே, போதாதா?

(தோட்டக் கிளையொன்றின் ஆண்டுக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற தோட்ட டிரசர் ஒருவர் ஆற்றிய உரை. கூட்டத்திற்கு வர இயலாத உறுப்பினர்கள் பலர் கேட்டுக்கொண்டதற்கிணங்க வெளியிடுகிறோம். – ஆசிரியர்)



சம்பள விஷயம் பேசி முடிந்த பிறகு, உடம்பைப் பற்றிப் புத்தி சொல்ல எழுந்து நிற்பவனை யாருக்கும் பிடிக்காது என்பது எனக்குத் தெரியும். செயலாளர் கால் மணி நேரம் பேசச் சொன்னார். இனிப்பு நீர் வியாதிக்கு என்ன சாப்பிடலாம், என்ன சாப்பிடக்கூடாது என்று வழக்கமாகச் சொல்வதைச் சொல்லிவிட்டுப் போகலாமென்றுதான் வந்தேன். ஆனால் கூட்டத்திற்கு முன்பு தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது பால்வெட்டும் சகோதரி ஒருவர் கேட்ட கேள்வி, என் பேச்சையே மாற்றிவிட்டது.

"டிரசர் ஐயா, ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தினமும் நடக்கச் சொல்கிறார். விடியுமுன் எழுந்து 500, 600 மரம் வெட்டுகிறேன். பிறகு அதே மரங்களைச் சுற்றிப் பால் எடுக்கிறேன். நாள் முழுதும் நடக்கிறவளை இன்னும் எங்கே ஐயா நடக்கச் சொல்கிறார்?" என்றார்.

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் "நட, நட" என்று சொல்வது தொழிலாளியைப் பரிகாசம் செய்வதாகும்.

முதலில் உடம்புக்குள் நடப்பதைப் பார்ப்போம். நாம் சாப்பிடும் சோறும் ரொட்டியும் தேத்தண்ணீரில் போடும் சீனியும் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. உடனே கணையம் என்ற உறுப்பு இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலினைப் பெரட்டு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். மணி அடித்தவுடன் தசைகளும் கல்லீரலும் எழுந்து வந்து சர்க்கரையை வாங்கிக்கொள்ள வேண்டும். இன்சுலின் ஏவி வாங்கப்படும் சர்க்கரையில் பெரும்பங்கைத் தசைகளே வாங்குகின்றன. தொடை, கெண்டைக்கால், முதுகு ஆகிய பெரிய தசைகள்தாம் நம் உடம்பின் பெரிய ஸ்டோர்.

சிலருக்கு மணி அடித்தாலும் தசை எழுந்திருப்பதில்லை. கணையம் என்ன செய்கிறது? இன்னும் பலமாக அடிக்கிறது. ஒரு பங்கு இன்சுலின் போதுமான இடத்தில் இரண்டு பங்கு, மூன்று பங்கு சுரக்கிறது. இதைத்தான் இன்சுலின் எதிர்ப்பு என்கிறார்கள். இதில் ஒரு மோசம் உண்டு. கணையம் பலமாக அடித்துக்கொண்டிருக்கும் வரை இரத்தச் சோதனையில் சர்க்கரை சரியாகவே தெரியும். "எனக்கு ஒன்றுமில்லை" என்று மனிதன் சந்தோஷமாக வீட்டுக்குப் போவான். பல வருஷம் இப்படி ஓடிய பிறகு அடிக்கிற கை ஓய்ந்துபோகிறது. அன்றைக்குத்தான் "உனக்கு இனிப்பு நீர்" என்று சீட்டு எழுதுகிறார்கள்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமல்ல. 1936இலேயே இலண்டன் டாக்டர் ஹிம்ஸ்வொர்த், இன்சுலினுக்கு இணங்கும் நோயாளிகள், இணங்காத நோயாளிகள் என்று இரண்டு வகை உண்டென்று எழுதினார். 1988இல் அமெரிக்க டாக்டர் ஜெரால்டு ரீவன், இந்த இணங்காமையோடு இரத்தக் கொதிப்பும் இரத்தத்தில் கெட்ட கொழுப்பும் கூட்டாளிகளாக வருவதைக் காட்டினார். அந்தக் கூட்டத்திற்கு இன்று மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்று பெயர். அது இருதயத்தையும் கெடுக்கும். இனிப்பு நீரையும் கொண்டுவரும்.

அதைக் கண்டுகொள்ள முதலில் வேண்டியது ஒரு தையல்காரர் நாடா. ஆசிய மக்களில் ஆணுக்கு இடுப்பளவு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர். அதற்கு மேல் போனால் ஒரு குறி. வெள்ளைக்காரருக்கு வைத்த அளவு இதைவிடப் பெரிது. நமக்குச் சிறிய வயிறே ஆபத்தைக் கொண்டுவந்துவிடுகிறது. இரத்த அழுத்தம் 130க்கு 85 அல்லது அதற்கு மேல் இருந்தால் இன்னொரு குறி. பசியாறுமுன் எடுத்த இரத்தத்தில் சர்க்கரை 5.6ஐத் தொட்டால் மற்றொன்று. டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு கூடியிருப்பதும், நல்ல கொழுப்பு குறைந்திருப்பதும் மற்ற இரண்டு. இந்த ஐந்தில் மூன்று இருந்தால் அந்தக் கூட்டம் உங்கள் வீட்டுக்குக் குடிவந்துவிட்டது என்று பொருள்.

இந்நாட்டில் 2019இல் அரசாங்கம் எடுத்த சுகாதாரக் கணக்கின்படி, வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களை மட்டும் தனியாகப் பார்த்தால் 31.4 விழுக்காடு. இந்தக் கொட்டகையில் உட்கார்ந்திருக்கிற நம்மை மூன்று மூன்று பேராக எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்ல எனக்குக் கூச்சமாகவே இருக்கிறது.

என் அண்ணன் 27 வருஷம் பால்வெட்டினார். ஒல்லியான மனிதர். காண்டா போட்டு இரண்டு வாளிப் பாலைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறுவார்; நான் வெறுங்கையோடு அவர் பின்னால் மூச்சு வாங்குவேன். தோட்டம் விற்கப்பட்டு, மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். அண்ணன் பட்டணத்தில் அடுக்குமாடி வீட்டுக்குப் போனார். ஒரு தொழிற்சாலை வாசலில் ஜாகா வேலை. 12 மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். சாப்பாடு மட்டும் பால்வெட்டிய காலத்துச் சாப்பாடு. இரண்டு வருஷம் கழித்துப் பொங்கலுக்கு வந்தார். வயிறு முன்னே தள்ளியிருந்தது. "என்ன அண்ணே, பட்டணத்துக்குப் போய்ச் செழிப்பாகிவிட்டீர்களே!" என்று சிரித்தவன் நான். வெள்ளைச் சட்டை போட்ட டிரசர்! ஒரு நாடாவை எடுத்து அந்த இடுப்பை அளக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆறு வருஷத்தில் கால்விரலில் புண் வந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் நான் படிக்க ஆரம்பித்தேன். அதுவரை நோயாளிகளிடம் "சீனியைக் குறை, மாத்திரையைப் போடு" என்ற இரண்டு வார்த்தைக்கு மேல் நான் பேசியதில்லை. தசை என்ற பெரிய ஸ்டோரைப் பற்றி ஒருவரிடமும் சொன்னதில்லை.

அந்தத் தசையில் ஒரு விசேஷம் உண்டு. அதற்கு இரண்டு கதவுகள். முன்கதவு இன்சுலின் மணி அடித்தால் திறப்பது. பின்கதவு, தசை வேலை செய்தால் தானே திறப்பது. தசை உயிரணுவுக்குள் குளூட்-4 என்ற சர்க்கரை வாயில்கள் சுருண்டு கிடக்கின்றன. நாம் வேகமாக நடக்கும்போது தசை சுருங்கி விரிகிறது. அந்த அசைவே வாயில்களை மேலே கொண்டுவந்து நிறுத்துகிறது. இன்சுலினுக்கு இணங்காத மனிதனுக்கும் இந்தப் பின்கதவு திறக்கிறது. என் அண்ணனுக்கும் திறந்திருக்கும்!

அதோடு முடிவதில்லை. நடந்து முடித்து வீட்டில் வந்து உட்கார்ந்த பிறகும் தசை விழிப்பாகவே இருக்கிறது. அடுத்த ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் வரை, குறைந்த இன்சுலினுக்கே எழுந்து வருகிறது. பிறகு பழையபடி தூங்கிவிடுகிறது. ஆனபடியால்தான் இரண்டு நாளைக்கு மேல் தொடர்ந்து விடக்கூடாது என்கிறார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டு நமக்குத் தெரியாததா? ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஐந்து மைல் நடந்துவிட்டு, சனிக்கிழமை வரை படுத்திருப்பது பயன் தராது. வாரக்கணக்கில் விடாமல் செய்தால் தசைக்குள் புதிய இரத்தக் குழாய்கள் பிடிக்கின்றன, கல்லீரலில் படிந்த கொழுப்பு கரைகிறது. முன்கதவும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகிறது.

சரி, சகோதரியின் கேள்விக்கு வருகிறேன்.

டாக்டர்கள் "ஏரோபிக்" என்று சொல்லும் பயிற்சி, பெரிய தசைகள் நிற்காமல் வேலை செய்து, மூச்சும் இருதயத் துடிப்பும் கூடி, சற்று நேரம் அப்படியே நீடிப்பது. பால்வெட்டில் என்ன நடக்கிறது? நாலடி நடை, நிறுத்தம், குனிந்து வெட்டு, மங்கை வை, மறுபடி நாலடி. உழைப்புத்தான், இல்லையென்று யார் சொல்வது? முதுகு வலிக்கிறது, தோள் வலிக்கிறது. ஆனால் மூச்சு? நீங்களே சோதித்துப் பாருங்கள். வேலை செய்துகொண்டே அடுத்த நிரையில் இருக்கும் தோழியோடு ஊர்க்கதை பேச முடிகிறதா? பாட்டே பாட முடிகிறதா? அப்படியானால் இருதயம் இன்னும் சூடேறவில்லை. பேச முடியும், பாட முடியாது என்ற வேகம்தான் நமக்கு வேண்டிய வேகம். பழைய தலைமுறை லயத்திலிருந்து மலைவெட்டுக்கு நடந்தே போய், பால் வாளியோடு நடந்தே ஸ்டோருக்கு வந்தது. இன்று பலர் மோட்டார் சைக்கிளில் நிரைக்குப் போய், பகலுக்குள் முடித்து, மீதி நாளை நாற்காலியில் கழிக்கிறோம். வேலையின் வலி அப்படியே இருக்கிறது. வேலைக்குள் இருந்த மருந்து மட்டும் குறைந்துவிட்டது.

இதில் இன்னொன்றும் உண்டு. கோபன்ஹேகனில் ஒரு லட்சத்து நாலாயிரம் பேரைப் பல வருஷம் கவனித்து 2021இல் கணக்கு வெளியிட்டார்கள். ஓய்வு நேரத்தில் உடம்பை அசைத்தவர்களுக்கு மாரடைப்பும் சாவும் குறைவு. வேலையில் மட்டும் உடம்பை வருத்தியவர்களுக்கு அவை அதிகம்! வேலையில் நாம் விரும்பியபோது நிற்க முடியாது. விரும்பிய வேகத்தில் போக முடியாது. பாரம் தூக்கினால் அழுத்தம் ஏறுகிறது. உடம்புக்கு ஆற நேரமில்லை என்று காரணம் சொல்கிறார்கள். உழைப்பாளிக்குக் கூலி குறைவு, சாப்பாடு மட்டம், புகை அதிகம்; இவற்றால்தான் கணக்கு அப்படி வருகிறது என்று மறுப்பவர்களும் உண்டு. அந்த மறுப்பில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. எப்படியிருந்தாலும், "வேலை செய்கிறேன், ஆகவே பயிற்சி வேண்டாம்" என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது என்பது தெரிகிறது.

கிராணிமார் சிரிக்கிறார்கள். உங்களைப் பற்றியும் கணக்கு உண்டு ஐயா! இலண்டன் பஸ் தொழிலாளர்களை டாக்டர் ஜெரி மோரிஸ் ஆராய்ந்தார், 1953இல் வெளியிட்டார். மாடி பஸ். டிரைவர் உட்கார்ந்தே இருக்கிறார். கண்டக்டர் நாளெல்லாம் மாடிப்படி ஏறி இறங்குகிறார். ஒரே கம்பெனி, ஒரே மாதிரிக் குடும்பம். ஆனால் மாரடைப்பு டிரைவர்களுக்கு அதிகம். தபால்துறையிலும் அப்படியே, தபால் சுமந்தவர்களைவிட மேஜைக் குமாஸ்தாக்களுக்கு அதிகம். பிறகு மோரிஸ் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. பஸ் கம்பெனி கொடுத்த சீருடைகளின் அளவுப் பதிவை வாங்கிப் பார்த்தார். டிரைவர்களின் காற்சட்டை இடுப்பு பெரிது! 1956இல் அதையும் ஒரு கட்டுரையாக எழுதினார். கிராணிமார் தங்கள் கல்யாணத்துக்குத் தைத்த காற்சட்டையை இன்று இரவு எடுத்துப் போட்டுப் பாருங்கள். நான் போட்டுப் பார்த்தேன்; பொத்தான் ஒரு பக்கம், துளை ஒரு பக்கம்.

நாற்காலியில் உட்காருவது உங்கள் தொழில்; விட முடியாது. 20 நிமிஷத்துக்கு ஒரு முறை எழுந்து இரண்டு நிமிஷம் நடந்தாலே சாப்பாட்டுக்குப் பிறகு ஏறும் சர்க்கரை குறைகிறது என்று ஆஸ்திரேலியாவில் 2012இல் காட்டியிருக்கிறார்கள். பேரேட்டை எடுக்கப் பையனைக் கூப்பிடாமல் நீங்களே எழுந்து போங்கள்.

இதெல்லாம் நிஜமாகவே வியாதியைத் தடுக்குமா என்று கேட்பீர்கள். சீனாவில் டாச்சிங் என்ற எண்ணெய் நகரத்தில் 1986இல் ஆரம்பித்தார்கள். இனிப்பு நீரின் வாசல்வரை வந்துவிட்ட 577 பேர். ஆறு வருஷத்தில், சும்மா விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 68 பேருக்கு வியாதி வந்தது. பயிற்சி மட்டும் செய்தவர்களில் 41 பேருக்கு. அமெரிக்காவில் 3,234 பேரை வைத்துச் சோதித்து 2002இல் வெளியிட்டார்கள். வாரத்துக்கு 150 நிமிஷம் நடையும் கொஞ்சம் எடைக் குறைப்பும் சேர்ந்து வியாதியை 58 விழுக்காடு குறைத்தன. மெட்ஃபார்மின் மாத்திரை 31 விழுக்காடுதான் குறைத்தது.

நம் இரத்தத்துக்கு நெருங்கியது சென்னைச் சோதனை. டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர் 531 பேரை மூன்று வருஷம் கவனித்து 2006இல் வெளியிட்டார்கள். ஒன்றும் செய்யாதவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு வியாதி முற்றியது. சாப்பாட்டைத் திருத்தி, தினம் அரைமணி நேரம் வேகமாக நடந்தவர்களில் 39 பேருக்கு. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் ஏறத்தாழ அதே அளவு நன்மைதான். நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல விரும்புவது என்னவென்றால், நடந்தவர்களின் எடை குறையவேயில்லை! எடை குறையாமலே நன்மை கிடைத்தது. ஒரு மாதம் நடந்துவிட்டு, தராசில் ஏறிப் பார்த்து, "ஒன்றும் குறையவில்லை" என்று விட்டுவிடுகிறவர்கள் நம்மில் அநேகர். தராசுக்குத் தெரியாத வேலை தசைக்குள் நடந்துகொண்டிருக்கிறது. அதே சென்னைச் சோதனையில், நல்ல உடலுழைப்பு உள்ளவர்களையும், தினம் அரைமணிக்கு மேல் நடப்பவர், சைக்கிள் மிதிப்பவர்களையும் "உங்கள் வழக்கப்படியே இருங்கள்" என்று விட்டுவிட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆகவே சகோதரி, மேட்டு நிலத்தில் மூச்சு வாங்க நடந்து பால் சுமக்கிறீர்கள் என்றால் அது கணக்கில் சேரும். தரை வெட்டில் மரத்துக்கு மரம் நின்று போவதை மட்டும் நம்பாதீர்கள்.

எப்படிச் செய்வது? வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரைமணி நேரம். அரைமணி சேர்ந்தாற்போலக் கிடைக்காவிட்டால் மூன்று பத்து நிமிஷம். நியூசிலாந்தில் 2016இல் இதைச் சோதித்தார்கள். இனிப்பு நீர் உள்ளவர்கள், தினம் ஏதாவதொரு நேரத்தில் அரைமணி நடப்பதைவிட, ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பத்து நிமிஷம் நடந்தபோது சர்க்கரை நன்றாக இறங்கியது. அதிலும் இராச்சாப்பாட்டுக்குப் பிறகு நடந்த நடைக்குத்தான் பலன் மிகுதி. சாப்பிட்டவுடன் பாயை விரிக்கும் வழக்கம் உள்ளவர்கள் கவனிக்க வேண்டும். சைக்கிள், பூப்பந்து, கும்மி எல்லாம் நடைக்குச் சமம். மூச்சுத்தான் கணக்கு.

மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு எச்சரிக்கை. இன்சுலின் ஊசி போடுபவர்களும் கிளிக்லசைட் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களும் வெறும் வயிற்றில் நடக்கக் கூடாது. வேர்த்து, கை நடுங்கி, கண் இருட்டினால் சர்க்கரை தாழ்ந்துவிட்டது என்று பொருள். மூன்று தேக்கரண்டிச் சீனியை நீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும். அந்த நேரத்தில் சீனிதான் மருந்து. காலில் மரமரப்பு உள்ளவர்கள் செருப்பில் நடக்காதீர்கள். சப்பாத்து போட்டு, திரும்பியதும் பாதத்தைப் பாருங்கள். நெஞ்சு இறுகினால் நின்றுவிடுங்கள். டாக்டரைப் பார்க்காமல் மறுபடி ஆரம்பிக்க வேண்டாம். நடக்கிறேன் என்று சொல்லி மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது.

தாய்மார்களுக்கு உள்ள கஷ்டம் எனக்குத் தெரியும். வெட்டு முடிந்து வந்தால் சமையல், துணி, பிள்ளைகள். அதற்குப் பிறகு கைவீசி நடந்தால் லயத்தில் சிரிக்கிறார்கள். "இவளுக்கு என்ன வேலை இல்லையா?" என்கிறார்கள். தனியாக நடந்தால்தான் சிரிப்பு. பத்துப் பேர் சேர்ந்து நடந்தால் சிரிக்கிறவர்களும் பின்னால் வருவார்கள். ஆண்கள் அந்த அரைமணிக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டால் உலகம் முழுகிவிடாது. பள்ளிக்கூடத் திடலுக்குப் போகிற பாதையில் இரண்டு விளக்கு எரிவதில்லை. நாய்த் தொல்லையும் இருக்கிறது. அதை அடுத்த மாதக் கூட்டத்தில் நிர்வாகத்திடம் எழுப்புவதாகச் செயலாளர் இப்போதுதான் எனக்கு வாக்குக் கொடுத்தார். எழுதிக்கொண்டீர்களா ஐயா?

செவ்வாய்க்கிழமை மாலை 5.30 மணிக்கு நான் தமிழ்ப்பள்ளித் திடலில் இருப்பேன். நாடா கொண்டுவருகிறேன். முதலில் என் இடுப்பை உங்கள் எதிரில் அளந்து எழுதிக்கொள்வோம். பிறகு பெரிய கிராணி ஐயாவுடையது. கேள்வி கேட்ட சகோதரி அவசியம் வர வேண்டும். என் அண்ணனும் வருகிறார். பொய்க்கால் போட்டிருக்கிறார், திடலை ஒரு சுற்றுச் சுற்ற அவருக்குக் கால் மணி நேரம் ஆகிறது. மழை பெய்தால் பள்ளி மண்டபத்திற்குள் சுற்றுவோம்.